மருத மரத்து மாப்பிள்ளைகள்

எங்கள் வீட்டுத் தேனீக்கள் சாதுவாக இருந்தவரைக்கும் நான் அவற்றின் பெட்டிக்கு முன்னால் நின்றுதான் தலை துவட்டுவேன். முக்கூடலில் எங்கள் வீட்டுக்குப் பின்புறம் முருங்கை மரத்தடியில் இரண்டு பெட்டிகள் இருந்தன. துண்டை உதறினால் நாலைந்து ஈக்கள் வந்து உட்கார்ந்து ஈரத்தை உறிஞ்சிவிட்டுப் போகும். ஒன்றுகூட என்னைக் கொட்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருப்பவளுக்கு நாள் முழுவதும் இரைச்சல்தான். அதற்கு இந்த இரைச்சல் எவ்வளவோ தேவலை என்று நினைத்துக்கொள்வேன்.

பெட்டிகளை வைத்தவர் என் வீட்டுக்காரர். கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியில் மேற்பார்வையாளராக இருந்தார். இருட்டோடு கிளம்பிப் போய் இருட்டிய பிறகு வந்து சேருவார். ஒரு நாள் ஆட்குறைப்பு என்று சொல்லி அவரையும் வேறு பலரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்படி வெளியே வந்தவர்களில் ஒருவர் மார்த்தாண்டம் பக்கத்துக்காரர், இவருக்கு நல்ல கூட்டாளி. அவர் ஊருக்குப் போய்த் தேனீ வளர்க்க ஆரம்பித்தார். "சும்மா இருந்தா மண்டை காயும் மக்கா, இத வச்சுப் பாரு" என்று சொல்லி இரண்டு பெட்டிகளை இவருக்குக் கொடுத்துவிட்டார்.

எங்களுக்குச் சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லை. மகள் படித்து முடித்துக் கோயம்புத்தூரில் வேலைக்குப் போய்விட்டாள். என் சம்பளம் மாதம் தவறாமல் வருகிறது. அது வருவதுதான் அவருக்குத் தொண்டையில் சிக்கிக்கொண்டது.

எங்கள் வீட்டில் சோறு மூன்று தடவை விழும். குழம்புக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை. மற்ற இரண்டையும் கடமைக்குச் சாப்பிடுகிற மனிதர் மோருக்கு வரும்போதுதான் சம்மணத்தைச் சரிசெய்துகொண்டு உட்காருவார். மோர்ச்சோறும் சீனியவரைக்காய் வத்தலும் இருந்தால் யார் கூப்பிட்டாலும் காதில் விழாது. வேலை போன பிறகு ரசத்தோடு நிறுத்திக்கொள்ள ஆரம்பித்தார். நான் கரண்டியில் சோற்றை எடுத்துக்கொண்டு போனால் தட்டின்மேல் உள்ளங்கையை விரித்து மூடிக்கொள்வார்.

"போதும்ட்டி."

"வயிறு சரியில்லையா?"

"சோலிக்குப் போற ஆளுக்குத்தான் மூணு தடவ சோறு. எனக்கு என்னத்துக்கு?"

சிரித்துக்கொண்டேதான் சொல்வார். எனக்கு அந்தக் கை விரிவதைப் பார்த்தாலே அழுகை முட்டும். ஆனால் நான் அழுகிற ஜாதி இல்லை, சண்டை போடுகிற ஜாதி. "இத்தனை வருஷம் நான் வீட்ல இருந்தப்பவும் சோலிக்குப் போனப்பவும் என் சோத்த யாராவது அளந்தாங்களா?" என்று கத்தியிருக்கிறேன். கத்தி என்ன பிரயோஜனம்? கை அப்படியேதான் விரிந்திருக்கும். கொஞ்ச நாளில் நானும் மோருக்கென்று அரிசி போடுவதை விட்டுவிட்டேன்.

அவருடைய கோபமெல்லாம் ஆண் ஈக்களின்மேல் திரும்பியது. ஒரு பெட்டியில் ஒரு ராணி உண்டு. மற்றபடி உள்ளே இருப்பவை எல்லாம் அதன் மகள்கள்தான். பூவுக்குப் போவது, மெழுகில் அடை கட்டுவது, காவல் நிற்பது எல்லாம் அவர்கள் பாடு. இடையிடையே கொஞ்சம் ஆண் ஈக்கள் பிறக்கும். உடம்பு தடித்து, கறுத்து, முகம் முழுக்கக் கண்ணாக இருக்கும். அதற்குக் கொடுக்குக் கிடையாது, தேன் கொண்டுவரவும் தெரியாது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வெளியே ஒரு சுற்றுப் போய்வந்து மறுபடியும் சாப்பிடும். அதனால் பெட்டி வைத்திருக்கிற பலரும், தேன் மிச்சமாகட்டும் என்று, அடையின் அடிப்பக்கத்தில் ஆண் ஈ வளர்கிற அறைகளை வெட்டி எறிந்துவிடுவார்கள்.

இவர் அதை ஒரு வேண்டுதல் மாதிரிச் செய்தார். வாரம் தவறாமல் பெட்டியைத் திறந்து, அடை தொங்கும் மரச்சட்டங்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, கத்தியை வைத்து அறுத்துப் போடுவார். பக்கத்து வீட்டு அண்ணாச்சியின் கோழிகளுக்கு அந்த நாள் எப்படித்தான் தெரியுமோ, சரியாகச் சுவரேறி வந்து நிற்கும்.

"உக்காந்து திங்குத பயலுவளுக்கு இங்கன என்ன வேல? தண்டச்சோறு!" என்று முனகிக்கொண்டே வெள்ளைப் புழுக்களைக் கோழிகளுக்கு வீசுவார். அவர் யாரைத் திட்டுகிறார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், துவைத்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிடுவேன்.

தை மாதக் கடைசியில் ஒரு பெட்டியில் கூட்டம் பிரிந்தது. பழைய ராணி பாதிக் கூட்டத்தை அழைத்துக்கொண்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் பறந்து போய்விட்டது. அது விட்டுப்போன பெட்டியில் ஒரு மகள் ராணியாகப் பிறந்தது. பிறந்த கொஞ்ச நாளில் புது ராணி வெளியே பறந்து போய், உயரத்தில் பல ஆண் ஈக்களோடு சேர்ந்துவிட்டுத் திரும்பிவரும். அதன் பிறகு ஆயுசுக்கும் முட்டை வைக்கிற வேலைதான். "ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணுதோம். இதுக்கு ஒரு பொய்யும் வேண்டாம், ஒரு புரோக்கரும் வேண்டாம்" என்று நான் கேலி செய்தேன். யார் வீட்டு மாப்பிள்ளை, எந்த ஊர் என்று எங்கள் இரண்டு பேருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

முதலில் ஒரு வித்தியாசமும் இல்லை. பழைய ராணியின் பிள்ளைகள்தான் பெட்டியில் இன்னும் நிறைய இருந்தன. அவை ஒவ்வொன்றாகச் செத்து, புது ராணியின் பிள்ளைகள் வாசலுக்கு வரவரப் பெட்டியின் குணம் மாறியது. பங்குனியில் ஒரு காலை நான் வழக்கம்போலத் துண்டை உதறினேன். காதில் ஒன்று, கழுத்தில் இரண்டு என்று கொட்டு விழுந்தது. காது வீங்கிப் பணியாரம் மாதிரி ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கரும்பலகையை விட்டுவிட்டு என் காதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த பெட்டியில் பழைய சாதுக் கூட்டம் அப்படியேதான் இருந்தது. ஒரே முருங்கை மரத்தடி, ஒரே பூ, ஒரே தண்ணீர். ஒன்று பசு, ஒன்று புலி. தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை என்பார்கள். இங்கே தாயும் பாட்டியும் சாது, பிள்ளைகள் மட்டும் இப்படி. வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டோமோ என்று எனக்கே பயமாகிவிட்டது.

பக்கத்து வீட்டு அண்ணாச்சி வாழை விவசாயி. அவருடைய சினை மாட்டைப் பொதுச்சுவர் ஓரம் கட்டுவது வழக்கம். ஒரு நாள் மத்தியானம் இவர் அந்தப் பெட்டியைத் திறந்ததும் ஈக்கள் கூட்டமாகச் சுவரைத் தாண்டிப் போய் மாட்டின் மூஞ்சியில் அப்பிக்கொண்டன. மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டது. நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அண்ணாச்சி எங்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தார். மாட்டின் கண் இரண்டும் வீங்கி மூடியிருந்தன என்றும், வயிற்றுக் கன்றுக்கு என்ன ஆகுமோ என்றும் சொன்னார். அவர் நியாயம் அவருக்கு. ஆனால் போகிற போக்கில் இவரைப் பார்த்து ஒரு வார்த்தை விட்டார்.

"சோலி இல்லன்னா சும்மா இரிக்க வேண்டியதுதான வே? ஊரக் கொட்டுத விளையாட்டு எதுக்கு? பெட்டிய எடுத்துருங்க."

இவர் அன்று சாயங்காலம் இரண்டு பெட்டிகளின் வாசலையும் அடைத்துத் தீ வைத்துவிடப் போவதாகச் சொன்னார். சாதுப் பெட்டியை எதற்கு என்று கேட்டேன். "எதுவும் வேண்டாம்ட்டி, எனக்கு ஒண்ணும் வெளங்காது" என்றார். சாப்பிடக் கூப்பிட்டதற்கும் எழுந்து வரவில்லை. அந்தப் பெட்டிகளும் போய்விட்டால் இந்த மனிதர் காலையில் எதற்காக எழுந்திருப்பார்? அவருடைய செல்போனை எடுத்து, மார்த்தாண்டத்துக் கூட்டாளியைக் கூப்பிட்டு, இரண்டு பேருக்கும் கேட்கும்படி நடுவில் வைத்தேன்.

கூட்டாளி எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, "பக்கத்துல காட்டுக்கூடு வல்லதும் உண்டா?" என்றார்.

"ஆத்தங்கரையில மருத மரத்துப் பொந்துல ஒண்ணு இருக்கு" என்றார் இவர்.

அந்தக் கூட்டை ஊருக்கே தெரியும். படித்துறைக்குக் குளிக்கப் போகிறவர்கள் அந்த மரத்தடியில் துண்டை உதற மாட்டார்கள். புது ஆள் யாராவது உதறினால் சட்டையை விட்டுவிட்டு ஆற்றுக்குள் குதிக்க வேண்டியதுதான்.

"செரி. ஒனக்கப் பெட்டியில உள்ள ஆண் ஈய எல்லாம் என்ன செய்த?"

"வெட்டிக் கோழிக்குப் போட்டேன்."

"ரெண்டு பெட்டியிலயுமா?"

"ரெண்டுலயும். வாரா வாரம்."

அந்தப் பக்கம் சிரிக்க ஆரம்பித்தவர் இருமல் வந்துதான் நிறுத்தினார்.

"ஒனக்க வீட்டுப் பயலுவள எல்லாம் வெட்டிப் போட்டா மாப்பிள்ள எங்கேருந்து வருவான் மக்கா? மருத மரத்துக்காரன்தான் வந்து தாலி கட்டுவான். பிள்ளையும் அவனுக்கக் கோவத்தோட பிறக்கும்."

எனக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. கழித்தல் கணக்குதான். ஆகாயத்தில் இரண்டு வகை ஆண்கள் பறந்திருக்க வேண்டும். ஒரு வகையை நாங்களே கழித்துவிட்டோம். மீதி என்ன வரும்? ஆறாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும், கணக்கு டீச்சருக்குத் தோன்றவில்லை.

இவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சும்மா ஒரு சுத்துப் பறந்துட்டு வந்து உக்காந்து திங்குதானுவளே, அதுவா சோலி?" என்று கேட்டார்.

"அதுதான் சோலி" என்றார் கூட்டாளி. "தேன் கொண்டுவாறவளுக்கு வேற ஆள் உண்டு. அம்மைக்கக் குணத்த அடுத்த பெட்டிக்குக் கொண்டுபோக அவன விட்டா ஆள் கெடையாது. ஒனக்கச் சாதுப் பெட்டியில அவனுவள வெட்டாத. நானும் ரெண்டு சாதுப் பெட்டி அனுப்புதேன், மாப்பிள்ள வீட்டுக்காரங்கன்னு வச்சுக்க."

மறுநாள் நான் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். மாடு நன்றாகத்தான் இருந்தது, கண் திறந்திருந்தது. நடந்ததைச் சொன்னேன். திட்டு வாங்கத் தயாராகத்தான் போயிருந்தேன். ஆனால் அவர் ஆண் ஈ விஷயம் வந்ததும் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"டீச்சர், நான் இந்த மாட்டுக்குச் சினை ஊசி போடுதப்ப என்ன காளைன்னு டாக்டர்ட்ட நாலு தடவ கேட்டுட்டுத்தான் போடச் சொன்னேன். முட்டுத காளையோட கன்னு முட்டத்தான் செய்யும். ஈக்கும் அப்படித்தானா?"

"அப்படித்தான் அண்ணாச்சி. ஆனா ஈக்கு ஊசி போட முடியாதுல்லா."

"அப்பம் நல்ல காளைய நாலா வச்சுக்கிட வேண்டியதுதான்" என்றார். அதற்குமேல் அவரிடம் கோபம் இல்லை. கொட்டுகிற பெட்டியைத் தன் வாழைத் தோட்டத்தின் கடைசி மூலையில் கொண்டுபோய் வைத்துக்கொள்ளச் சொன்னார். வருகிற பெட்டிகளுக்கும் அங்கேயே இடம் தந்தார். அந்த ஒரு வார்த்தைக்காக இவரிடம் வருத்தம் தெரிவித்தாரா என்றால் இல்லை. எங்கள் பக்கத்து ஆண்களிடம் அதை எதிர்பார்க்கக் கூடாது. இரண்டு பெரிய தார் வாழைப்பழம் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார்.

சித்திரையில் மார்த்தாண்டத்திலிருந்து காய்கறி வண்டியில் இரண்டு பெட்டிகள் வந்து இறங்கின. "மாப்பிள்ள வீட்டுக்காரங்க வந்தாச்சா, காப்பி கொடுத்தீங்களா?" என்று அண்ணாச்சி சுவருக்கு மேலே தலையை நீட்டிக் கேட்டார். காப்பி இல்லை, சர்க்கரைத் தண்ணீர்தான் கொடுத்தோம். கோடையில் பூ குறையும். வீட்டில் சாப்பாடு குறைந்தால் வேலைக்கார ஈக்கள் முதலில் ஆண்களைத்தான் இறக்கையைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளும். ஆண் ஈ தங்க வேண்டுமென்றால் பெட்டியில் தாராளமாக இருக்க வேண்டும் என்று கூட்டாளி சொல்லியிருந்தார். இவர் தினமும் சர்க்கரையைக் கரைத்து, வடிகட்டி, தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி, ஈக்கள் முங்கிச் சாகாதபடி நாலு குச்சியைக் கிள்ளிப் போட்டுப் பெட்டிக்குள் வைப்பார்.

ஒரு நாள் மத்தியானம் ரசத்தோடு அவர் கை வழக்கம்போல விரிந்தபோது எனக்குப் பொறுக்கவில்லை.

"சும்மா இருக்குத ஈக்குத் தெனமும் சர்க்கரைத் தண்ணி. வாசல்ல தள்ளிரக் கூடாதேன்னு பயம் வேற. இந்த வீட்ல ஒங்கள யாரு தள்ளுதா?"

அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். சொன்னது தப்பு என்று நான் நினைக்கவில்லை, இன்றைக்கும் நினைக்கவில்லை.

முதலில் மாப்பிள்ளைகள், பிறகு பெண் என்பதுதான் ஏற்பாடு. எங்கள் பெட்டியிலிருந்தும் வந்த பெட்டிகளிலிருந்தும் ஆண் ஈக்கள் மத்தியானத்தில் நிறையக் கிளம்ப ஆரம்பித்த பிறகு, வைகாசிப் பிறப்பில் இவர் வாழைத் தோட்டத்துக்குப் போய்க் கோபக்காரப் பெட்டியைத் திறந்தார். முகத்துக்கு வலை கட்டிக்கொண்டு நானும் கூட நின்றேன். ராணியைக் கண்டுபிடித்து விரல்களுக்கு நடுவில் பிடித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இது என்னட்டி தப்பு செஞ்சுது? நம்ம வெட்டுனதுக்கு இது சாகுது."

எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. வேறு வழி தெரியவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு நசுக்கினார். அது வைத்திருந்த முட்டை அடைகளை எடுத்துவிட்டு, சாதுப் பெட்டியிலிருந்து முட்டை உள்ள ஓர் அடைத் துண்டை வெட்டிக் கொண்டுவந்து அதில் பொருத்தினோம். ராணி இல்லாத பெட்டி அந்த முட்டையிலிருந்து தனக்கு ஒரு ராணியை வளர்த்துக்கொள்ளும். எதற்கும் இருக்கட்டும் என்று அந்தப் பெட்டியில் மிச்சமிருந்த ஆண் அறைகளையும் அவர் வெட்டினார். இந்தத் தடவை ஒன்றும் முனகவில்லை.

ஆனி பிறந்தால் மேற்கேயிருந்து காற்று அடிக்க ஆரம்பித்துவிடும். காற்றில் ராணி பறக்காது. அதற்குள் கல்யாணம் முடிய வேண்டுமே என்று அவருக்குக் கவலை. கோடை விடுமுறை என்பதால் நான் வீட்டில் இருந்தேன். இவர் மத்தியான வெயிலில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு தோட்டத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். கரண்டுக் கம்பியில் பஞ்சுருட்டான்கள் வந்து வரிசையாக உட்காரும். பறக்கிற ஈயைப் பறந்தே பிடித்துத் தின்னும் பச்சைக் குருவி அது. கையைத் தட்டியும் தகரத்தை அடித்தும் அவற்றை விரட்டிக்கொண்டிருப்பார். ராணிக்காக விரட்டுகிறார் என்று நான் நினைத்தேன். ராணி பிறக்கும் முன்பிருந்தே விரட்டினார் என்பது பிறகுதான் உறைத்தது.

"இன்னைக்கு நம்ம பயலுவ நல்ல கூட்டமாப் போனானுவ. திரும்பி வர நேரமாச்சு" என்பார் வீட்டுக்கு வந்ததும். உட்கார்ந்து தின்கிற பயல்கள் நம்ம பயல்கள் ஆகிவிட்டார்கள். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எல்லாரும் பத்திரமா வந்துட்டானுவளா?" என்று கேட்பேன்.

புது ராணி பறந்தது, திரும்பியது, முட்டை வைத்தது. எந்த மாப்பிள்ளைகளோடு சேர்ந்தது என்று யாருக்குத் தெரியும்? மருத மரத்துக் கூடு அங்கேயேதான் இருக்கிறது, அதன் ஆண்களும் அதே ஆகாயத்தில்தான் பறக்கின்றன. நம்மால் முடிந்தது, நம் பக்கத்து ஆட்களைக் குறையாமல் அனுப்பிவைப்பதுதான். மனிதர்களின் குணத்துக்கு இந்தக் கணக்கை யாராவது போட வந்தால் நான் பிரம்பை எடுப்பேன். இது ஈக்களின் சங்கதி.

ஆடியில் ஆற்றில் தண்ணீர் தெளிந்து ஓடியது. மேற்கேயிருந்து காற்றோடு சாரலும் வந்து போயிற்று. பழைய ஈக்கள் செத்து முடிந்து, புது ராணியின் பிள்ளைகள் வாசலுக்கு வந்திருந்தன. அண்ணாச்சியின் மாடு கிடேரிக் கன்று போட்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் தலைக்குக் குளித்துவிட்டு நேராகத் தோட்டத்துக்குப் போய் அந்தப் பெட்டியின் முன்னால் நின்றேன். "ஏட்டி, பைய, பைய" என்று பின்னாலிருந்து இவர் பதறினார். நான் துண்டை ஓங்கி உதறினேன். ஒரே ஒரு ஈ வந்து என் நெற்றியில் முட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. மற்றவை தங்கள் வேலையைப் பார்த்தன.

"மருத மரத்துக்காரன் பிள்ள ஒண்ணு ரெண்டு உண்டு போல" என்றேன்.

"இருந்துட்டுப் போகட்டும்" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவைப் பார்த்து எத்தனையோ மாதமாகியிருந்தது.

அன்று மத்தியானம் புளிக்குழம்பு, சீனியவரைக்காய் வத்தல். குழம்புக்குச் சோறு வைத்தேன், ரசத்துக்கு வைத்தேன். வழக்கம்போல மிச்சத்தை எனக்குப் போட்டுக்கொண்டு, கரண்டியைப் பானையில் போட்டுவிட்டு என் தட்டின் முன்னால் உட்கார்ந்தேன்.

"ஏட்டி."

நிமிர்ந்து பார்த்தேன். அவர் கை தட்டின்மேல் இல்லை, முழங்காலில் இருந்தது. சம்மணத்தைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மோருக்குச் சோறு வைக்கலையே?"

பானையில் சோறு இல்லை. என் தட்டில் இருந்ததை அப்படியே அவர் தட்டுக்குத் தள்ளிவிட்டு, மோர் எடுக்க வேகமாக உள்ளே போனேன். மறுநாளிலிருந்து உலையில் ஒரு கை அரிசி கூடப் போடுகிறேன்.